பார் கவுன்சில் என்ரோல்மெண்ட்டுக்கு (வக்கீலாப் பதிவு பண்றதுக்கு) 750 ரூபாயா, 13,250 ரூபாயா? குழப்பமா இருக்கு, உதவி பண்ணுங்க

தங்கச்சி மூணு வருஷ லா முடிச்சிட்டா, வீட்லயே முதல் வக்கீல். கோர்ட் பக்கத்துல ஃபாரம் ஃபில் பண்ணித் தர்ற கடைக்காரர் ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தாரு: என்ரோல்மெண்ட் 750, ஐடி கார்டு 1,500, லைப்ரரி 2,000, நல நிதி 6,000, ப்ராசஸிங் 3,000, ஆக மொத்தம் 13,250. "மத்ததெல்லாம் ஆப்ஷனல், ஆனா கட்டலன்னா ஃபைல் நகராது"ன்னு வேற சொல்றாரு. அப்பா நகைய வைக்கலாமான்னு கேக்குறாரு. இதுல எது உண்மை?

பதில் 1
ப்ரோ 750ங்கறது பேப்பர்ல மட்டும்தான். நான் 2022ல சேர்ந்தப்ப இதைவிட ஜாஸ்தி கட்டினேன். பேசாம கட்டிட்டு வேலையப் பாருங்க.

பதில் 2
மேல சொன்னவரு 2022லயே நிக்கிறாரு. 2024 ஜூலை 30ல கௌரவ் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அட்வகேட்ஸ் ஆக்ட் 1961ல பிரிவு 24(1)(எஃப்)ல என்ன தொகை இருக்கோ அதுக்கு மேல மாநில பார் கவுன்சில் என்ரோல்மெண்ட்டுக்கு வாங்கக்கூடாது. மாநில கவுன்சிலுக்கு 600, இந்திய பார் கவுன்சிலுக்கு 150, அவ்வளவுதான். ஸ்டாம்ப் ட்யூட்டி இருந்தா அது தனி. லைப்ரரி, ஐடி கார்டு, நல நிதின்னு எந்தப் பேர்ல கேட்டாலும் சேர்றதுக்கு முன்னாடி கேட்டா தப்பு. "ஆப்ஷனல்" கதையும் செல்லாது, கர்நாடகா பார் கவுன்சில் விஷயத்துல 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அதையும் நிறுத்தச் சொல்லிடுச்சு.

பதில் 1
அப்ப நான் கட்டினது திரும்ப வருமா??

பதில் 2
வராது சார். தீர்ப்பு வந்த நாள்ல இருந்துதான் பொருந்தும், பழசைத் திருப்பித் தர வேண்டாம்னு அதுலயே இருக்கு.

பதில் 3
தம்பி ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எஸ்சி/எஸ்டியா? ஆமான்னா 750ம் கிடையாது, கம்யூனிட்டி சர்டிஃபிகேட் வச்சா மாநிலத்துக்கு 100, இந்திய கவுன்சிலுக்கு 25, அதே பிரிவுலயே இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாது, கடைக்காரங்களும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஆல் இந்தியா பார் எக்ஸாமுக்கு, அதாவது வக்கீலா ப்ராக்டிஸ் பண்ண எழுதற தகுதித் தேர்வுக்கு, 3,500 (எஸ்சி/எஸ்டிக்கு 2,500) தனியா வரும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க, அது என்ரோல்மெண்ட் ஃபீஸ் இல்ல. சேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும்.

கேட்டவர்
அக்கா, ஆமா நாங்க எஸ்சிதான்! 125 ரூபாய்க்கா அப்பா நகைய அடகு வைக்கப் போனாரு... இன்னைக்கு கடைக்காரர்கிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரசீது கொடுங்கன்னு கேட்டேன், "அதெல்லாம் சேர்த்து ஒரே அமௌன்ட், ரசீது கிடையாது"ன்னாரு, ஃபாரத்தை வாங்கிட்டு வந்துட்டேன். நாளைக்கு பேங்க்ல ரெண்டு டிடி எடுக்கணும், 25 ரூபா டிடிக்கு கமிஷன் அதைவிட ஜாஸ்தி ஆகும் போல 😄 கம்யூனிட்டி சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் போதுமா?

பதில் 3
ஜெராக்ஸ்ல அட்டெஸ்டேஷன் வாங்கிக்கங்க, ஒரிஜினலையும் கையில வச்சுக்கங்க. கவுன்டர்ல அதிகமா பணம் கேட்டா எந்த விதிப்படின்னு எழுதித் தரச் சொல்லுங்க, சத்தம் மட்டும் போடாதீங்க. தங்கச்சிக்கு வாழ்த்துகள் சொல்லுங்க.