செயின்சோ ஒரு பக்கம் கிறுகுது, ஆராச்சும் வழி சொல்லுங்க

அண்ணாமார், தம்பிமாருக்கு வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கம் மரம் ஏறிக் கொப்பு வெட்டுற வேலை செய்யிறன். மாரி வர முன்னம் கூரைக்கு மேல சாஞ்சதை இறக்கச் சொல்லி ஓயாமக் கோல் வருது. 1978 சூறாவளியக் கண்ட சனம், காத்து இரைஞ்சாலே பயம்தான்.

புளியில வைச்சா வெட்டு நேரா இறங்காம வலப்பக்கம் கிறுகுது. சீவலா வர வேண்டியது மா மாதிரிக் கொட்டுது. பார்த்தா இடப்பக்கத்துப் பல்லெல்லாம் கட்டை. கை வாகுக்கு ஒரு பக்கத்தையே கூட அராவிட்டன் போல. செயின் .325 அங்குலப் பிச் (கண்ணி இடைவெளி), அதுக்கு 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம் வேணும். கடையில 4 மில்லிமீற்றரத் தந்து "எல்லாம் ஒண்டுதான் தம்பி" எண்டாங்க. ஒண்டில்ல!

மறுகா, செயின் சுத்தி ஓடுற தகட்டையும் (பார்) கழட்டிக் கண்ணாடி மேல நிமித்தி வைச்சன், ஒரு பக்கம் சரியிது. விளிம்பைத் தட்டையா அராவினாக் காணுமா, புதுப் பார்தான் போடணுமா? மட்டக்களப்பு, கல்முனையில பல்லை ஒரே அளவுக்குத் தீட்டித் தாறவங்க இருக்காங்களா?

இன்னொண்டு. இப்ப கட்டுறது கட்டிட வேலைக்காரர்ர பெல்ட். கொளுக்கி முதுகில கிடக்கு, விழுந்தாத் தாங்கும், ஆனா அதில தொங்கி இருந்து வேலை செய்ய ஏலாது. இடுப்பிலயும் தொடையிலயும் பிடிக்கிற, முன்னுக்கு வளையம் உள்ள மரமேறுற பெல்ட் எங்க எடுக்கலாம்? கயிறு பழசு வேணாம், பெல்ட்டும் புதுசெண்டாத்தான்.

சனிக்கிழமை ஆரையம்பதியில ஒரு வாகை இறக்கணும், கீழ கரண்ட் கம்பி போகுது. அதுக்கு முன்னம் செயின் விசயத்தையாவது சொல்லுங்க.