ஒரு செக்ஷனுக்கு மட்டும் தனி டெம்ப்ளேட் வைக்கிறது எப்படி?

அரைகுறை_டெவ்:
வேர்ட்பிரஸ் சைட் ஒன்னு பாத்துக்கறேன். அதுல "உதவி"ன்னு ஒரு பேஜ், அதுக்கு கீழ 40 சைல்ட் பேஜ் இருக்கு. அந்த செக்ஷன்ல மட்டும் இடது பக்கம் தனி மெனு வரணும். டெம்ப்ளேட் (பேஜோட அமைப்பை முடிவு பண்ற ஃபைல்) எழுதி மேல கமெண்ட்ல பேரும் போட்டாச்சு, பேஜ் எடிட் பண்ற இடத்துல டிராப்டவுன்லயும் வருது, ஆனா ஒவ்வொரு பேஜா போய் செலக்ட் பண்ணணும், கன்டென்ட் போடறவங்க பாதி நேரம் மறந்துடறாங்க. ஸ்லக் (முகவரியில வர்ற பேஜோட பேர்) பேர்ல டெம்ப்ளேட் ஃபைல் வச்சும் பாத்தேன், மேல இருக்கிற அந்த ஒரு பேஜ் மட்டும்தான் மாறுது, கீழ உள்ளது எதுவும் அசையல. வேற வழி உண்டா?

கர்லி_பிரேஸ்:
ஸ்லக் ஃபைல் அப்படித்தாங்க, அந்த ஒரு பேஜோட சரி, புள்ளைங்களுக்கு இறங்காது. டெம்ப்ளேட்_இன்க்ளூட் ஃபில்டர்ல புடிங்க, எந்த டெம்ப்ளேட்டை லோட் பண்ணணும்னு வேர்ட்பிரஸ் முடிவு பண்றதை அங்கதான் மாத்தலாம். இப்ப ஓடுற பேஜ் உதவி பேஜா, இல்ல கெட்_போஸ்ட்_ஆன்செஸ்டர்ஸ் குடுக்கிற லிஸ்ட்ல (அந்த பேஜுக்கு மேல இருக்கிற எல்லா பேஜோட ஐடியும்) உதவி பேஜோட ஐடி இருக்கான்னு பாத்து, ரெண்டுல ஒன்னு சரியா இருந்தா உங்க ஃபைல் இருக்கிற இடத்தை (பாத்) திருப்பி அனுப்புங்க. போஸ்ட்_பேரன்ட் (நேர் மேல இருக்கிற பேஜோட ஐடி) மட்டும் பாத்தா ஒரு லெவல்தான் கிடைக்கும், பேரன் பேஜ் வந்தா கோட்டை விட்டுடுவீங்க. எல்லாம் சைல்ட் தீம்லயே (மெயின் தீமை தொடாம நம்ம மாத்தங்களை வைக்கிற தனி தீம்) போடுங்க, இல்லன்னா தீம் அப்டேட் வந்த அன்னிக்கு மொத்தமும் போயிடும்.

நைட்ஷிஃப்ட்:
கலர், அகலம் மட்டும் மாறணும்னா டெம்ப்ளேட்டே வேணாம், சைல்ட் பேஜோட பாடி கிளாஸ்லயே (பேஜோட body டேக்ல வர்ற கிளாஸ் பேர்) பேரன்ட் ஐடி வந்துடும், நாலு வரி சிஎஸ்எஸ்ல முடிஞ்சுடும். உங்களுக்கு மெனுவே வேறங்கறதால மேல சொன்னதுதான் சரி.

அரைகுறை_டெவ்:
போட்டேன், உதவி செக்ஷன் சூப்பரா வருது, ஆனா ஹோம் பேஜ்ல இருந்து மத்தது எல்லாம் வெள்ளையா நிக்குது!! எரர் கூட வரல

கர்லி_பிரேஸ்:
இஃப்புக்குள்ள மட்டும் ரிட்டர்ன் போட்டிருப்பீங்க :) இஃப்புக்கு வெளியிலயும், ஃபில்டருக்கு வந்த டெம்ப்ளேட்டை அப்படியே ரிட்டர்ன் பண்ணணும், இல்லன்னா லோட் பண்ண வேர்ட்பிரஸுக்கு ஃபைலே கிடையாது. ஃபைலை தேட லோகேட்_டெம்ப்ளேட் யூஸ் பண்ணியிருந்தா அது காலியா திரும்புதான்னும் ஒரு செக் வச்சுடுங்க, ஃபைல் பேர்ல ஒரு எழுத்து தப்பினாலும் இதே வெள்ளைதான்.

அரைகுறை_டெவ்:
அதேதான் அண்ணா, கடைசி ரிட்டர்ன் இல்ல. இப்ப ஓடுது. டிராப்டவுன்ல இருந்து அந்த பேரையும் தூக்கிட்டேன், இனி யாரும் மறக்க வேண்டியதே இல்ல.