பிள்ளைகளுக்கு புதுசா என்ன புத்தகம் வாங்கலாம்? (4-ம் வகுப்பு பய, 9-ம் வகுப்பு பொண்ணு)

அம்பாசமுத்திரம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு பிள்ளைய, மூத்தவ 9-ம் வகுப்பு, சின்னவன் 4-ம் வகுப்பு, ரெண்டும் இங்கிலீஷ் மீடியம். போன வருசம் பொருநை புத்தகத் திருவிழாவுக்கு ஆசை ஆசையா கூட்டிட்டுப் போயி 1200 ரூபாய்க்கு அள்ளிட்டு வந்தேன், நீதிக்கதை, பஞ்சதந்திரம், தெனாலிராமன், தலைவர்கள் வாழ்க்கை வரலாறுன்னு. எல்லாம் நானா எடுத்ததுதான், அவ்வோ ரெண்டு பேரும் வெளிய அப்பளம் வாங்கித் தின்னுட்டு நின்னுட்டாவ. இப்ப பட்டாசல் அலமாரில அப்படியே அடுக்கினபடி இருக்கு, ஒண்ணு ரெண்டுல பில்லு கூட உள்ளயே கிடக்கு.

சின்னவனுக்கு தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பஸ் ஸ்டாண்டுல போர்ட பாத்து பா... ப... நா...ன்னு அவன் படிச்சி முடிக்கதுக்குள்ள பஸ் போயிரும். ஆனா கதை சொன்னா சோறு தண்ணி இல்லாம கேப்பான். மூத்தவ ஆறாப்பு வரைக்கும் நல்லா படிச்சவ, இப்ப எந்நேரமும் போனு. புத்தகம் படியேன்னா "தமிழ்ப் புத்தகத்துல எல்லாத்துலயும் கடைசில அறிவுரை இருக்கும்மா"ங்கா. நான் வாங்கி வச்சத எடுத்துப் பாத்தா அவ சொல்லுதது சரியாத்தான் இருக்கு.

இப்ப புதுசா எழுதுதவங்க யாரு, பிள்ளைய உக்காந்து படிக்கிற மாதிரி என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பொங்கல் காசு 1000 ரூபா கையில இருக்கு. இன்னொண்ணு, பொண்ணு வளருதா, சில விசயம் அவகிட்ட நேரடியா பேச எனக்கு வாய் வரமாட்டேங்கு. அதுக்கும் ஏதாவது கதை மாதிரி இருந்தா ரொம்ப உதவியா இருக்கும்.

---

வள்ளியூர் வாத்தியார்:

தங்கச்சி, பையனப் பத்தி முதல்ல சொல்லிருதேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு 60 பக்க கதைய குடுத்தா அது தண்டனை. எங்கள மாதிரி அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம்னு சின்னச் சின்ன புத்தகமா வந்திருக்கு, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு வகையா பிரிச்சிருக்காவ. நுழைல படம் பெருசா இருக்கும், எழுத்து கொஞ்சமா இருக்கும், பற வரும்போது கதை நீளமாவும். எங்க ஸ்கூல்ல ஆறாப்புல ஒரு பய, தமிழ் புத்தகத்த எடுத்தாலே வயித்த வலிக்கிம்பான். நுழைல ஒண்ண கைல குடுத்து நான் பாட்டுக்கு ஒதுங்கிட்டேன். அன்னைக்கே நாலு தடவ படிச்சிட்டான். சாயங்காலம் வந்து "சார் ஒரு புக்கு முடிச்சிட்டேன்"ன்னான் பாருங்க, அவன் வாழ்க்கைல ஒரு புத்தகத்த முழுசா முடிச்சது அதான் முதல் தடவ. உங்க தெருவுல கவர்மெண்டு ஸ்கூல் பிள்ளைய இருந்தா கேட்டு வாங்கிப் பாருங்க.

காசே இல்லாம வேணும்னா பிரதம் புக்ஸ் நடத்துத ஸ்டோரிவீவர் தளம் இருக்கு, 2015-லருந்து. தமிழ்க் கதை நிறைய கிடக்கு, அங்கயும் நாலு படிநிலை. டவுன்லோடு பண்ணி பிரிண்டு எடுத்துக்கிடலாம். போன்லயே காட்டாதீங்க, பிரிண்டு எடுத்து ஸ்டேப்ளர் போட்டு அவன் பேர அதுமேல எழுதிக் குடுங்க. அவன் புத்தகம்னு ஆயிரும்.

வாசிக்கும்போது தப்பா சொன்னா உடனே திருத்தாதீங்க. இத மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிடுதேன்.

---

மேலப்பாளையத்துல இருந்து:

அக்கா, நீங்க கடைசியா கேட்டிருக்கீங்கல்லா, அதுக்கு நான் சொல்லுதேன். மரப்பாச்சி சொன்ன ரகசியம், எஸ். பாலபாரதி எழுதினது, 2020-ல பால சாகித்ய புரஸ்கார், அதான் சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்ய அகாதமி குடுக்கிற விருது, கிடைச்ச புத்தகம். ஒரு சின்ன பொண்ணு, அவகிட்ட இருக்கிற மரப்பாச்சி பொம்மை பேச ஆரம்பிக்கும், பெரியவங்க தப்பா தொட்டா என்ன செய்யணும், யார்கிட்ட சொல்லணும்ங்கிறது எல்லாம் கதைக்குள்ளயே வரும். பாடம் எடுக்கிற மாதிரி இருக்காது. என் மவளுக்கு அப்ப பத்து வயசு. நான் வாசிச்சேன், அவ மடியில படுத்து கேட்டா. பாதில நிறுத்தி "உம்மா, எனக்கு இப்படி ஆனா நீ என்ன ஏசுவியா?"ன்னு கேட்டா. எனக்கு தொண்டை அடைச்சிட்டு. ஏசமாட்டேன்டா, உன் பக்கம்தான் நிப்பேன்னு சொல்லி முடிக்க எனக்கு அவ்வளவு நேரமாச்சு. அந்த ஒரு பேச்சுக்கு எங்க வீட்ல ரெண்டு வருசமா வழி இல்லாம இருந்துச்சி. உங்க பொண்ணுக்கு 14-ன்னாலும் குடுங்க, பெரிய பிள்ளைன்னு யோசிக்காதீங்க.

2025-ல அதே விருது விஷ்ணுபுரம் சரவணனோட ஒற்றைச் சிறகு ஓவியாவுக்கு கிடைச்சிருக்கு. புதுசு வேணும்னு கேட்டீங்கல்லா, அதையும் லிஸ்ட்ல போட்டுக்கோங்க. எங்க வீட்ல அடுத்து அதுதான்.

---

கரிசக்காடு:

நான் கோவில்பட்டி பக்கம். எங்க ஊர்க்காரர் ஒருத்தர சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. உதயசங்கர், ரயில்வேல வேல பாத்துக்கிட்டே பிள்ளைகளுக்குன்னு எழுதிக் குமிச்சவரு. அவர் எழுதின ஆதனின் பொம்மைக்குத்தான் 2023-ல பால சாகித்ய புரஸ்கார். லீவுக்கு கீழடிக்கு போன பையன் கைல ஒரு பழைய பொம்மை கிடைக்கும், அத வச்சி அந்தக் காலத்து ஆதன்னு ஒரு பையனோட பழக்கமாயிருவான், அவ்வோ எப்படி வாழ்ந்தாவன்னு அவன் கூடவே போயி பாப்பான். அறிவுரை சொல்லுத வேலையே கிடையாது.

என் அண்ணன் மவன் ஏழாப்பு, இத படிச்சி முடிச்ச வேகத்துல "சித்தப்பா நம்ம பக்கம் இந்த மாதிரி இல்லியா"ன்னான். இல்லாமயா எய்யான்னு பைக்குல ஏத்தி திருச்செந்தூர் ரோட்டுல ஆதிச்சநல்லூர் கூட்டிட்டுப் போனேன். 2023-லருந்து அங்க தோண்டின இடத்துக்கு மேலயே கண்ணாடி போட்டு வச்சிருக்காவ, நம்ம மேல நின்னு குனிஞ்சி பாத்தா காலுக்கு கீழ முதுமக்கள் தாழி, உள்ள எலும்பு, பக்கத்துல சின்னச் சின்ன சட்டி பானை. பய செருப்ப கழத்தி வச்சிட்டான். யாரும் சொல்லல, அவனா கழத்தினான். ரொம்ப நேரம் கழிச்சி, "இதுல பொம்மை வச்சி புதைச்ச சின்னப் பிள்ளையும் இருக்குமா"ன்னு கேட்டான். நான் என்னத்த சொல்ல. புத்தகம் படிக்காம வந்திருந்தா அவனுக்கு அது வெறும் உடைஞ்ச பானைதான்.

---

டவுன் லைப்ரரி வாசகர்:

எல்லாரும் புதுசு புதுசுன்னு சொல்லுதீங்க, எனக்கு வயசு 61, நான் கொஞ்சம் மாத்தி சொல்லுதேன், கோவிச்சிக்கிடாதீங்க. அம்மா, நீங்க பிள்ளைகளுக்கு வாங்கதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு கதை படிங்க. இடைசெவல் கு. அழகிரிசாமி எழுதின அன்பளிப்பு. ஒரு மனுசன், புத்தகப் பிரியன், தெருப் பிள்ளையெல்லாம் அவர் வீட்ல வந்து விழும். ரெண்டு பிள்ளைக்கு மட்டும் டைரி குடுப்பாரு. ஸாரங்கன்னு ஒரு பையனுக்கு குடுத்திருக்க மாட்டாரு, அவனும் அவர் மேல அவ்வளவு பிரியம் வச்சவன். கடைசில அந்தப் பய அவர தன் வீட்டுக்கு கூப்பிட்டு, தன் டவுசர் பாக்கெட்டுல இருந்து ஒரு டைரிய எடுத்து நீட்டி, அன்பளிப்புன்னு எழுதிக் குடுங்கம்பான். நாப்பது வருசமா படிக்கேன், அந்த இடம் வந்தா கண்ணு கலங்காம இருந்ததில்ல. 1970-ல அந்தத் தொகுப்புக்கு சாகித்ய அகாதமி குடுத்தாவ, வாங்க அவர் இல்ல.

இத ஏன் சொல்லுதேன்னா, எந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு நம்மளே முடிவு பண்ணிட்டோம்னா பக்கத்துல நிக்கிற பிள்ளைய பாக்காம விட்டுருவோம். 1200 ரூபாய்க்கு நீங்க எடுத்தீங்க, அவ்வோ வெளிய நின்னாவன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த ஆயிரத்த அப்படியே வச்சிட்டு முதல்ல ரெண்டு பேரையும் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு கூட்டிட்டுப் போங்க. சின்ன டெபாசிட்தான். குழந்தைகள் பகுதில விட்டுட்டு நீங்க தள்ளிப் போயி பேப்பர் படிங்க. அவ்வோ எத எடுக்காவளோ எடுக்கட்டும், கார்ட்டூனா இருந்தாலும் சரி.

---

மேலப்பாளையத்துல இருந்து:

பெரியவங்க சொல்லுதது சரிதான், ஆனா ஐயா, லைப்ரரில புதுப் புத்தகம் வந்து சேர நாளாவுது. புதுசா எழுதுதவங்க புத்தகத்த நம்ம காசு குடுத்து வாங்கலேன்னா அடுத்தது எப்படி போடுவாவ? ரெண்டும் வேணும்.

---

கூந்தன்குளம் பக்கத்துக்காரன்:

மைனி, உங்க பொண்ணு போன்ல என்ன பாக்கான்னு கவனிங்க. என் தங்கச்சி மவ இதே வயசு, பறவை வீடியோவா பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு கதைப் புத்தகமா வாங்காம, க்ரியா போட்ட பறவைகள் அறிமுகக் கையேடு வாங்கிக் குடுத்தேன், ப. ஜெகநாதனும் ஆசையும் சேந்து எழுதினது. அது படிக்கிற புத்தகம்னே அவளுக்கு தோணல. குளத்தங்கரைல நின்னு புரட்டிப் புரட்டிப் பாத்து, மூக்கு தட்டையா அகப்பை மாதிரி இருந்தா கரண்டிவாயன், மூக்குக்கு கீழ பை தொங்குனா கூழைக்கடா, மூக்கு மூடினாலும் நடுவுல சந்து தெரிஞ்சா நத்தைகுத்தி நாரைன்னு அவளே சொல்ல ஆரம்பிச்சிட்டா. அதுக்கப்புறம் கி.ரா, நம்ம கி. ராஜநாராயணனோட பிஞ்சுகள் குடுத்தேன். பழசுதான், ஆனா கரிசல்காட்டு பயலுவ பறவ முட்டைய தேடி அலையுத கதை, பறவை பேரெல்லாம் நம்ம வாயில வார பேரு. ஒரே நாள்ல முடிச்சிட்டா.

அப்புறம் ஜெயமோகனோட யானை டாக்டர். அறம் தொகுப்புல இருக்கு. டாக்டர் கே-ன்னு காட்டுல யானைக்கு வைத்தியம் பாத்தவர வச்சி எழுதினது, அவர் உண்மையான ஆளு, வி. கிருஷ்ணமூர்த்தி. டூரிஸ்ட் உடைச்சிப் போட்ட பீர் பாட்டில் கண்ணாடி யானை கால்ல ஏறி புழு வைக்கிற இடம் ஒண்ணு வரும். நீங்க மணிமுத்தாறு, பாபநாசம் பக்கத்துல இருக்கிறவங்க, அத படிச்சிட்டு அந்த ரோட்டோரம் கிடக்கிற பாட்டில பாத்தா 14 வயசு பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல.

---

கரிசக்காடு:

ஒண்ண மறந்துட்டேன். டோட்டோசான், ஜன்னலில் ஒரு சிறுமி. நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது, விலை கம்மி. ஜப்பான்ல ஓடாத ரயில் பெட்டியில வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம், உண்மைக் கதை. அத்தியாயம் எல்லாம் ரெண்டு மூணு பக்கம்தான். ராத்திரிக்கு ஒண்ணா நீங்க சத்தமா வாசிங்க, ரெண்டு பிள்ளைக்கும் ஆச்சி. அம்பை ஸ்டேஷன்ல செங்கோட்டை பாசஞ்சர் வந்து நிக்கும்லா, உங்க பய அந்தப் பெட்டிய வேற மாதிரி பாப்பான்.

---

சிவகாசி காமிக்ஸ்:

யாரும் சொல்லலியே. பையனுக்கு லக்கி லூக், கௌபாய் சிரிப்புக் கதை. லயன் முத்து காமிக்ஸ்ல தமிழ்ல வருது. படத்துக்காக பாப்பான், என்ன பேசுதான்னு தெரிஞ்சிக்கிட எழுத்துக்கூட்டுவான். நான் தமிழ் படிச்சதே அப்படித்தான்.

---

அம்பாசமுத்திரம் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சி எழுதுதேன். லைப்ரரி ஐயா சொன்னபடி பாளையங்கோட்டைக்கு கூட்டிட்டுப் போயி தள்ளி உக்காந்துட்டேன். சின்னவன் எடுத்தது டைனோசர் புத்தகம், அவனால படிக்கவே முடியாத பேரெல்லாம் அதுல இருக்கு. ஆனா நான் வாய தொறக்கல. வீட்டுக்கு வந்து வாத்தியார் அண்ணாச்சி சொன்ன மாதிரி ஸ்டோரிவீவர்ல அஞ்சு கதை பிரிண்டு போட்டு ஸ்டேப்ளர் அடிச்சி பேரெழுதிக் குடுத்தேன். அத ஸ்கூல் பைக்குள்ள வச்சிக்கிட்டு அலையுதான். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஒரு கதைய வாசிச்சிக் காமிச்சிருக்கான், ஆச்சி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மரப்பாச்சி வாங்கி பொண்ணு மேசைல வச்சேன், ஒண்ணும் சொல்லல. நாலு நாள் அப்படியே இருந்துச்சி. அஞ்சாம் நாள் காணோம். போன ஞாயித்துக்கிழமை அடுக்களைல வந்து நின்னு "யம்மா, நீ இத படிச்சியா?"ன்னா. இல்லட்டின்னேன். "படி. படிச்சிட்டு சொல்லு, பேசணும்"னு என் கைல குடுத்துட்டுப் போயிட்டா. நேத்து ராத்திரி முடிச்சேன். இன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் ஆத்துப் பக்கம் நடந்துட்டு வரலாம்னு சொல்லியிருக்கேன்.

அன்பளிப்பும் படிச்சேன் ஐயா.

மிச்சக் காசுல பறவைக் கையேடு ஆர்டர் போட்டாச்சு. கூந்தன்குளத்துக்கு இப்ப போனா பறவை இருக்குமா தம்பி? எத்தன மணிக்கு வரணும்?

---

கூந்தன்குளம் பக்கத்துக்காரன்:

இருக்கும் மைனி, இப்ப வந்து கூடு கட்டுத நேரம்தான். குளத்துல மட்டும் பாக்காதீங்க, ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே நாரை கூடு கட்டியிருக்கும், தெருவுல நடந்துக்கிட்டே பாக்கலாம். அந்த ஊர்க்காரங்க அதுகளுக்காக தீவாளிக்கு வெடி கூட போடமாட்டாவ, அதனால பிள்ளைகளையும் சத்தம் போடாம வரச் சொல்லுங்க. காலைல ஆறரைக்குள்ள வந்திருங்க, வெயில் ஏறினா நல்லா இருக்காது. கையேட்ட மறந்துறாதீங்க, ஒரு பென்சிலும். நத்தைகுத்திய பாத்தா அந்தப் பக்கத்துலயே தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க.