சேவ் பாயிண்ட்: வைப்புழியா, சேமிப்பிடமா?

செ.:
சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். 1995-ல் ஸ்கொயர் வெளியிட்ட ‘க்ரோனோ ட்ரிகர்’ விளையாட்டைப் சூப்பர் ஃபேமிகாம் என்ற பழைய விளையாட்டுக் கருவியிலேயே மறுபடி ஆடிய ஒருவரின் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகிறது. சேவ் பாயிண்ட் என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். உலக வரைபடத்தில் நடக்கும்போது எங்கேயும் ஆட்டத்தைப் பதியலாம். குகைக்குள் நுழைந்துவிட்டால், மினுங்கும் ஒரு புள்ளியைத் தேடிப் போய் நின்றால்தான் முடியும். பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில் சேவ் ஸ்டேட் என்று வேறொன்று உண்டு. சண்டையின் நடுவிலும் அந்த நொடியை அப்படியே பிடித்து வைக்கலாம். இரண்டையும் ‘சேமிப்பு’ என்று எழுதினால் கட்டுரையே படுத்துவிடும். அசல் கருவியில் ஆடுவதன் பதைப்பெல்லாம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பு.:
தம்பி செ., சொல் ஏற்கெனவே இருக்கிறது. குறள் 226: ‘அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி’. வைப்பு, உழி, வைக்கும் இடம். சேவ் பாயிண்ட் என்றால் வைப்புழி. ‘சேமி’ வேண்டாம். சேமம் வடமொழி க்ஷேமம்.

ம.:
ஐயா, நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘உழி’ என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பேர் ‘ஊழி’ என்றுதான் படிப்பார்கள். சேமிப்பிடம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சேமத்தைத் தள்ளவும் மனம் வரவில்லை. புறநானூறு 102-ல் ஔவை பாடுவது நினைவிருக்கும். வண்டி நிறைய உப்பு. எருதுகளோ நுகத்துக்குப் புதியவை. போகும் வழி பள்ளத்தில் இறங்குமா மேட்டில் ஏறுமா, யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சுதான் ‘சேம அச்சு’. அரக்கன் இருக்கும் அறைக் கதவுக்கு முன்னால் மினுங்கும் புள்ளியில் நின்று பதிகிறவன் செய்வதும் இதே காரியம்தான்.

பு.:
சங்கப் புலவர் கடன் வாங்கினாலும் கடன் கடன்தான். பாட்டு அருமை, மறுக்கவில்லை.

யா.:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல்: தரிப்பிடம். பேருந்துத் தரிப்பிடம் எண்டு இங்கை எல்லாரும் சொல்லுறது. வழியில் நின்று மூச்சு வாங்கும் பொருளும் வரும்.

ம.:
அழகான சொல். ஆனால் நிற்பது மட்டும்தானே வருகிறது? பதிவது வரவில்லையே.

ந.:
கருவியைப் பிரித்துப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘வைப்பு’ என்றால் வங்கி வைப்புநிதி மாதிரி அசையாத ஒன்று கண்முன் வருகிறது. ஆட்டத்தை அடக்கிக் கருவியில் செருகும் அந்தக் கேட்ரிட்ஜுக்குள் நிலைமை வேறு. ஆட்டம் இருப்பது ரோம் என்ற, படிக்க மட்டுமேயான நினைவகத்தில், அது அழியாது. நாம் பதிவது 8 கிலோபைட் எஸ்ராமில், மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துவிடும் நினைவகம் அது. அந்தப் பதிவை உயிரோடு வைத்திருப்பது சிஆர்2032 என்ற காசளவு மின்கலம். அது தீர்ந்தால் பதிவும் போயிற்று. புதிதாக மாற்ற, பற்றவைப்புக் கோலை எடுத்துப் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றினாலே உள்ளே இருந்தது பெரும்பாலும் அழியும். ஆகவே ‘காப்பிடம்’ என்பேன். நொடிக்கு நொடி காத்துக்கொண்டிருக்கும் வேலை அது.

இன்னொன்று. 1986-ல் வந்த முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ ஜப்பானியப் பதிப்பில் மின்கலமே கிடையாது. ஆட்டத்தில் வரும் அரசனிடம் போனால், விட்ட இடத்திலிருந்து தொடர இருபது எழுத்துக் கடவுச்சொல் தருவான். அதை அவர்கள் ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’ என்றார்கள். 1988-ல் மூன்றாம் பாகத்தில் மின்கலம் வந்தபோது ‘சாகச ஏடு’ என்று வைத்தார்கள். பெயரைக் கதைக்குள்ளிருந்தே எடுத்தார்கள். நாமும் ‘ஏடு’ பக்கம் யோசிக்கலாம்.

செ.:
நாளை மறுநாள் வெள்ளி. சேவ் ஸ்டேட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பு.:
உறைநிலை.

ம.:
அது இயற்பியலில் தண்ணீர் உறையும் வெப்பநிலைக்குப் போய்விட்டது, ஐயா. நிலைப்பதிவு?

யா.:
நிலைப்பதிவுக்கு என் வாக்கு. மற்றதுக்குத் தரிப்பிடத்தை விடுறன், சேமிப்பிடம் எண்டே போடலாம்.

ந.:
சரி, அதற்கு நானும். சேவ் பாயிண்டுக்கு மட்டும் காப்பிடம்.

செ.:
நிலைப்பதிவு முடிவு. சேவ் பாயிண்டுக்கு ம., யா., நான் என மூவர் சேமிப்பிடம், அதையே போடுகிறேன். கேட்ரிட்ஜைக் கேட்ரிட்ஜ் என்றே விட்டுவிடுகிறேன், அதற்கு இன்னொரு இழை தொடங்க நேரமில்லை.

பு.:
போடுங்கள். என் அகராதிப் படியில் வைப்புழி என்றே எழுதி, குறள் எண்ணையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். கேட்ரிட்ஜுக்குப் ‘பேழை’ என்ன குறை?