கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு: உங்கள் ஊரில் எப்படி நடத்துகிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஊராட்சித் தலைவர் தலைமையிலான எங்கள் ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் நானும் உறுப்பினர். கூட்டம் என்றால் நோட்டு சுற்றி வரும், கையெழுத்துப் போடுவோம், டீ, வடை, அப்புறம் அவரவர் வேலை.

போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். வீட்டில் கல்யாணப் பேச்சு நடப்பது அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விட்டது செவிலியருக்குத் தெரியும். மூன்றையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடைசியில் யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்து, மாவட்டச் சமூகநல அலுவலகத்திலிருந்து வந்து கல்யாணத்தை நிறுத்தினார்கள். நல்லவேளை.

இனி கூட்டத்திலேயே இதையெல்லாம் பேசலாம் என்றால், உறுப்பினர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். சொன்ன விஷயம் சாயங்காலமே அந்த வீட்டு வாசலில் நிற்கும். அதுதான் என் பெரிய பயம்.

குழு உருப்படியாக நடக்கும் ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்: பெயர் வெளியே போகாமல் எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? நாள்கணக்கில் வராத பிள்ளைகளின் விவரத்தை முதலில் யாரிடம் கொடுக்கிறீர்கள்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்து பயிற்சி தர, மனு யார் பெயரில் போக வேண்டும்? மாதிரி மனு இருந்தால் அனுப்புங்கள்.