மறு: மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் – ‘நுண்பாய்மவியல்’ போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். மிக ஒடுங்கிய வாய்க்கால்களில் துளித்துளியாகத் திரவத்தை ஓட்டிக் கையாளும் துறைதான் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய கேள்விக்கு என் பதில் இது.

> ‘நுண்பாய்மவியல்’ ஏற்கெனவே புழங்குகிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

புழங்குவது உண்மைதான். ஆனால் அதைப் படிப்பவர் பாய்மம்தான் (ஓடும் திரவமோ வாயுவோ) நுண்ணியது என்று எடுத்துக்கொள்வார். அங்கே ஓடுவது உமிழ்நீரும் உப்புக் கரைசலும். நுண்ணியது வழிதான்: தலைமுடிப் பருமனை ஒட்டிய வாய்க்கால்.

சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உமிழ்நீரில் மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைமருந்து இருக்கிறதா என்று காட்டும் சில்லு (சிப்). உமிழ்நீர், வெள்ளி நானோதுகள் மிதக்கும் நீர், உப்புக் கரைசல் மூன்றும் ஒரே வாய்க்காலில் இறங்குகின்றன. குழாய் பெரிதாக இருந்தால் சுழித்துக் கலந்துவிடும். இங்கே சுழிப்பே கிடையாது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு தனித்தனித் தாரைகளாக ஓடுகின்றன. விரவலால், அதாவது மூலக்கூறுகள் தாமே பரவுவதால் மட்டுமே மெல்லக் கலக்கின்றன. உப்பு வந்து சேரச் சேர வெள்ளித் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் இடுக்கில் சிக்கிய போதைமருந்து மூலக்கூறின் மேல் லேசர் பட்டதும் ராமன் சிதறல், அதாவது மூலக்கூறின் அடையாளம் தெரியும்படி நிறம் மாறிச் சிதறும் ஒளி, பன்மடங்கு பெருகுகிறது. 10 நானோமோலார் வரை பிடித்திருக்கிறார்கள். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை மைக்ரோகிராம்!

இத்தனையும் நடப்பது வாய்க்கால் அவ்வளவு ஒடுங்கியிருப்பதால்தான். எனவே பெயரிலும் வாய்க்கால் இருக்கட்டும்: நுண்வாய்க்கால், நுண்வாய்க்காலியல். முதலில் ‘நுண்கால்’ என்றுதான் எழுதிவைத்தேன். என் மகள் பார்த்துவிட்டு, “எறும்புக் காலாப்பா?” என்றாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

வாய்க்கால் என்று வைத்தால் மற்றவையும் கூடவே வந்துவிடும். கரைசல் நுழையும் இடம் தலைமடை, வெளியேறும் இடம் கடைமடை, நடுவில் திறந்து மூடுவது மதகு. வயலுக்குத் தண்ணீர் கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம், ‘ஹாட்ஸ்பாட்’. நம் கலைச்சொல் பட்டியலில் ‘சூடான புள்ளி’ என்று இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அந்தப் பெயர் வெப்பத்தைக் குறிப்பதல்ல. இரண்டு வெள்ளித் துகளுக்கு நடுவே ஒளியின் புலம் குவிந்து நிற்கும் இடம் அது. ‘ஒளியிடுக்கு’ என்கிறேன்.

‘ட்ரேஸ்’ என்பதற்குச் ‘சுவடளவு’ என்பதும் ஒட்டவில்லை. சுவடு, போனபின் எஞ்சும் தடம். இங்கே பொருளே இருக்கிறது, மிகக் கொஞ்சமாக. தமிழின் பழைய கீழ்வாய்க் கணக்கில் மிகச் சிறிய ஒரு பின்னத்துக்கே ‘இம்மி’ என்று பெயர் உண்டு. ‘இம்மியும் பிசகாமல்’ என்று இன்றும் சொல்கிறோம். ‘இம்மியளவு’ என்றே வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேலே சொன்ன, வெள்ளித் துகளால் ராமன் சிதறலைப் பெருக்கும் முறையை ‘மேற்பரப்பு மேம்பட்ட ராமன் நிறமாலையியல்’ என்றால் மேம்பட்டது மேற்பரப்பா, சிதறலா? ‘பரப்பால் பெருகிய ராமன் சிதறல்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, நீளம்தான் இடிக்கிறது. யாரிடமாவது சுருக்கமான சொல் இருக்கிறதா?