இந்தி மீடியம் படமும் டெல்லி அட்மிஷனும்: உங்களுக்கு நடந்தது என்ன?

மயூர் விகார் அம்மா:
இர்ஃபான் கானின் இந்தி மீடியம் (2017) எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கதை வேண்டாம். சாந்தினி சௌக் துணிக்கடைக்காரர் மகளின் சீட்டுக்காக வசந்த் விகாருக்குக் குடிபோகும்வரை நானும் சிரித்தேன். பெற்றோரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஓக்லாவில் லேத் ஓட்டுகிறார். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு பெரிய பள்ளிக்குப் போனோம். பெயர் வேண்டாம். குழந்தைக்கு என்ன புத்தகம் வாசித்துக் காட்டுவீர்கள் என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். இவர் இந்தியில் சொன்னார். மேடம் அதே கேள்வியை மறுபடி ஆங்கிலத்திலேயே கேட்டார். இவர் கிரீஸ் கறை போகாத விரல்களை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மகள் சட்டையைப் பிடித்து, "அப்பா, மிஸ் கேக்குறாங்கல்ல, சொல்லுப்பா" என்றாள். வீட்டில் வாய் ஓயாத மனிதர், திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட் கிடைக்காததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

ஆர்.கே.புரம்காரன்:
மேடம், அப்படியே எழுந்து வந்திருக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13: சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது. முதல் தடவை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்கப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. 'இன்டராக்‌ஷன்' என்று பெயரை மாற்றினால் மட்டும் அது நேர்காணல் இல்லை என்று ஆகிவிடாது. என் அண்ணன் பையனுக்காகப் போனபோது, சேர்க்கை விதிகளை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். உடனே பேச்சின் தொனியே மாறியது.

இனி போகிறவர்கள் கவனியுங்கள். கேட்ட கேள்விகளை வெளியே வந்ததுமே தேதியோடு எழுதிவையுங்கள். விண்ணப்பத்தின் நகலை விடாதீர்கள். கல்வி இயக்ககத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தகுதி இருந்தால், தனியார் பள்ளிகளில் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பியுங்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. வருமானச் சான்றிதழைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், படத்தில் வருவதுபோல ஏழை என்று பொய்ச் சான்றிதழ் வாங்கும் யோசனை யாருக்கும் வேண்டாம். அது இன்னொரு பிள்ளையின் இடம்.

முனிர்கா:
சாரும் சரி, படமும் சரி, சீட்டோடு நின்றுவிடுகிறார்கள். படத்தில் அந்த ஏழை வீட்டுப் பையன் மோகனுக்கு இடம் கிடைக்காதபோது நானும் அழுதேன். எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவின் பையனுக்கு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது, அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தார். ஒருநாள் அவன் ஸ்கூல் டைரியை அம்மாவிடம் காட்டாமல் என்னிடம் கொண்டு வந்தான். பிக்னிக் போகப் பணம் கேட்டு எழுதியிருந்த பக்கத்தை மட்டும் நாலாக மடித்து, பின் குத்தியிருந்தான். "ஆன்ட்டி, நான் வரலன்னு நீங்களே கையெழுத்துப் போடுங்க, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. சட்டத்தில் ஃபீஸ் இல்லை, புத்தகமும் சீருடையும் இலவசம். பிக்னிக்குக்கு யார் கொடுப்பது? எட்டாம் வகுப்புக்கு மேல் சட்டம் துணைக்கு வராதே, அப்போது அந்த அக்கா என்ன செய்வார்?

ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்:
முனிர்கா அம்மா சொல்வது உண்மை. ஆனால் எனக்குப் படத்தின் முடிவில்தான் சண்டை. பணக்காரரான அந்தக் கடைக்காரர் மனம் மாறிச் செலவு செய்ததும் அரசுப் பள்ளி பளபளக்கிறது. ஏன் அப்படி ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டும்? 2016-ல் டெல்லி அரசுப் பள்ளிகளில் பெரிய அளவில் பெற்றோர் கூட்டம் தொடங்கினார்கள். என் வகுப்புக்கு ஒரு கொத்தனார் வந்தார், முழங்கைவரை சிமெண்ட் காய்ந்திருந்தது. நாற்காலி அழுக்காகும் என்று வாசலிலேயே நின்றார். பையனின் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்ததும், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, சிவப்பு மையில் இருந்த எல்லாவற்றையும் என்ன என்று கேட்டார். அவரை அதற்குமுன் யாரும் அழைத்ததே இல்லை. தன் மகளைக் கடைசியில் அரசுப் பள்ளியில் சேர்த்தாரே கடைக்காரர், அதுதான் படத்தில் எனக்குப் பிடித்தது.

மயூர் விகார் அம்மா:
ஆர்.கே.புரம் சார், சட்டம் எனக்கும் அன்றே தெரியும். மறு வருஷம் மகனுக்கும் அதே வட்டாரத்தில்தான் சீட் கேட்டாக வேண்டும். அதனால்தான் புகார் கொடுக்கவில்லை. ஆசிரியர் ஐயா, உங்கள் பள்ளி மாதிரி ஒன்று மயூர் விகார் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.